இத்தினியூண்டு மீன்

மீன் பிடித்துவிட்டு வருகிறவர்களிடம் எவ்வளவு பெரிது என்று கேட்டால் இரண்டு கைகளையும் விரிப்பார்கள். எங்கள் மாடி வீட்டு அக்கா அப்படி விரிக்கமாட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டும் தொடாமலும் நிற்க, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இத்தினியூண்டு" என்பார். அப்படி அவர் சொன்ன விரால் ஒன்று ஒருமுறை எங்கள் வீட்டுச் சட்டியில் அடங்காமல் வாலை வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இதுவா இத்தினியூண்டு? இவ பெருசுன்னு சொன்னா ஏரியே காலின்னு அர்த்தம்" என்றார்.

அக்காவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே அலுவலக வேலை. கணவர் குண்டக்கல்லில் இருந்துகொண்டு ரயில் ஓட்டினார். எப்போதாவது வருவார், தூங்குவார், போய்விடுவார். திங்கள் முதல் சனி வரை அக்காவும் மற்றவர்களைப் போலத்தான். காலையில் டிபன் பாக்ஸோடு ஓடி ரயில் பிடிப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். சுடிதார் மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூண்டிலை ஸ்கூட்டரில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு, பள்ளிப்பட்டுச் சாலைப் பக்கம் ஏதாவது ஓர் ஏரிக்குக் கிளம்பிவிடுவார்.

தூண்டில் கழியை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, தூசி படாமலிருக்க மஞ்சள் துணி உறை போட்டிருந்தார். துணிக்கடையில் மஞ்சள்தான் மலிவாகக் கிடைத்ததாம். எங்கள் திருத்தணியில் மஞ்சள் துணி சுற்றிய நீளமான பொருள் தெருவில் போனால் அது முருகனின் வேல்தான், யாரும் யோசிக்கமாட்டார்கள். மலைக்கு நடந்துவரும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விடும். "அரோகரா!" என்று யாராவது குரல் கொடுப்பார். அக்காவும் ஒரு கையைத் தூக்கி "அரோகரா!" என்று சொல்லிக்கொண்டே மண்புழு டப்பாவுடன் அவர்களைக் கடந்து போவார். ஒரு முறை ஒரு பெண்மணி ஸ்கூட்டரை நிறுத்தி, அந்தக் குழாய்க்குக் குங்குமம் வைத்துவிட்டார். அக்கா அதை அழிக்கவில்லை. "அன்னைக்கி இத்தினியூண்டு ஜாஸ்தியா கெடச்சிது" என்றார். கூடை நிறைய ஜிலேபி மீன்.

மீன் மட்டுமல்ல, எது அவர் வாயில் புகுந்தாலும் சுருங்கித்தான் வெளியே வரும். தண்ணீர் மோட்டார் அறையில் பாம்பு இருக்கிறது என்று நான் கத்தியபோது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "இத்தினியூண்டு சாரை. புழு மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். பிறகு பிடிக்க வந்தவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது இரு பக்கமும் தொங்கியது. இன்னொரு முறை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, முழங்கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, "ஒரு கீறல்மா, இத்தினியூண்டு" என்று என்னிடமே காபி கேட்டுக் குடித்தார். கைக்குட்டை முழுக்கச் சிவப்பு. மருத்துவமனைக்கு இழுத்துப் போய்த் தையல் போட வைப்பதற்குள் எனக்குத்தான் மயக்கம் வந்தது.

"ஏன்க்கா இப்படி எல்லாத்தையும் சின்னதாவே சொல்றீங்க?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"பெருசுன்னு சொன்னா பாக்க வந்துடுவாங்கம்மா. சின்னதுன்னு சொன்னா உட்டுடுவாங்க."

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. யார் வந்து பார்ப்பதை இவர் வேண்டாம் என்கிறார்? மாடியில் தனியாக இருக்கும்போது ஏதாவது வலித்தால் நமக்குச் சொல்வாரா? பிறகு ஒவ்வொரு இரவும் மாடியில் விளக்கு அணைகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் படுப்பது என் வழக்கமாகிவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

நான் பெரிதாக்குகிற ஆள். மகள் இரண்டு தும்மல் போட்டால் தெர்மாமீட்டர் தேடுவேன். காய்ச்சல் இல்லை என்றால் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்படுவேன். ஆனால் அந்த வருடம் பயப்பட எனக்கு உண்மையாகவே ஒரு காரணம் இருந்தது. மகளுக்கு மூன்றரை வயது ஆகியும் பேச்சு வரவில்லை. எல்லாம் புரிந்தது. செருப்பை எடு என்றால் எடுப்பாள். சிரிப்பாள், அடம்பிடிப்பாள். வாயிலிருந்து வார்த்தை மட்டும் வராது. காதைப் பரிசோதித்து நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க வேண்டும். பெயர் என்ன என்று கேட்பார்களே, இவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் சேர்த்துக்கொள்வார்களா? நாள் முழுக்க இதே நினைப்புதான்.

பேச்சுப் பயிற்சி தருகிற ஒருவர், வீட்டில் கொஞ்ச காலம் ஒரே மொழியில் பேசிப் பாருங்கள் என்றார். அதெல்லாம் தேவையே இல்லை என்று வேறொருவர் பிற்பாடு சொன்னார். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்போது சொன்னதை அப்படியே கேட்டேன். என் கணவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நெசவுக் குடும்பம், பள்ளிப்பட்டுப் பக்கம். நான் அரக்கோணத்துத் தமிழ். கல்யாணமான புதிதில் மாமியார் பேச்சுக்கு நடுவே "காது, காது" என்று கையை ஆட்ட, பாவம் காதுவலி என்று நினைத்து எண்ணெய் காய்ச்சிக்கொண்டு போய் நின்றவள் நான். தெலுங்கில் அதற்கு 'அப்படியில்லை' என்று அர்த்தமாம். அந்த வீட்டில்தான் இனிமேல் குழந்தையிடம் தமிழ் மட்டும் என்று சட்டம் போட்டேன்.

"நா வாயத் தொறந்தா தெலுங்குதான் வருது. இன்னா பண்ண சொல்ற?" என்றார் மாமியார்.

"தமிழ்ல பேசுங்க அத்தே. இப்ப என்கிட்ட பேசலியா?"

"உன்கிட்ட பேசறது வேற. கொழந்தைய கொஞ்சறது வேற. கொஞ்சறதுக்கு எனுக்குத் தமிழ் வராது."

அதன் பிறகு அவர் பேத்தியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். கோபம் இல்லை. சோறு ஊட்டும்போது கண்ணால் சிரிப்பார், கன்னத்தைத் தடவுவார், வாய் முணுமுணுக்கப் போய்ச் சட்டென்று மூடிக்கொள்ளும். பேச வேண்டிய குழந்தையோடு பேசக்கூடியவரும் ஊமையாகிவிட்டார். இது சரிதானா என்று தினமும் யோசித்தேன். யோசித்துவிட்டு, சொன்னதைச் செய்வோம் என்று தொடர்ந்தேன்.

தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் மகளைப் பிடித்து நிறுத்தி, "பாப்பா, பேரு சொல்லு, எங்க, அம்மா சொல்லு" என்பார்கள். அக்கா ஒருவர்தான் அப்படிக் கேட்காதவர். "இது இத்தினியூண்டு விஷயம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். பாம்பையும் தையல் போட்ட கையையும் அப்படிச் சொன்னவர் என்பதால் எனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை ஏரிக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார். நானும் ஸ்கூட்டரின் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு போவேன். கரையில் உட்கார்ந்தால் அக்கா பேசமாட்டார். மகளும் பேசமாட்டாள். இருவரும் தண்ணீரில் மிதக்கும் தூண்டில் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான்தான் வெயில், தொப்பி, தண்ணீர், சறுக்கப் போகிறாள் என்று நச்சரித்துக்கொண்டிருப்பேன்.

"மீனு பிடிக்க இவதான் சரியான ஆளு" என்பார் அக்கா. "நீ பேசற பேச்சுக்கு மீனெல்லாம் ஆந்திராவுக்கே ஓடிடும்."

ஆனால் தக்கை அசையும்போது அக்கா அடிக்குரலில் முணுமுணுப்பார். "ரா, ரா, பங்காரு, ரா." வா, தங்கமே, வா.

"அக்கா, தெலுங்கு!" என்பேன்.

"நா மீனுகிட்டதாம்மா பேசிகினு கீறேன். உன் பொண்ணுகிட்டயா பேசுனேன்?"

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அலுவலகத்தில் என்றோ தொங்கிய காலண்டர் ஒன்றில் மலைகளுக்கு நடுவே ஒரு ஏரி. அதில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒருவர் தூண்டில் வீசுகிறார். வருடம் முடிந்ததும் அந்தப் படத்தை மட்டும் வெட்டிக்கொண்டு வந்து ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்தார். அந்த மீனுக்குப் பெயர் ட்ரவுட். வெள்ளைக்காரர்கள் ஊட்டி மலைக்குக் கொண்டுவந்து விட்டது. "அதுக்கு ஐஸ் மாதிரி தண்ணி வோணும். நம்மூரு ஏரில உட்டா வெந்து கொழம்பாவே வந்துடும்" என்று அக்கா விளக்கினார்.

"இன்னா மீனு? ரவுடியா?" என்றார் மாமியார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ரவுடி மீன்தான்.

ஏப்ரலில் ஒரு நாள் அக்கா கீழே வந்தார். ஊட்டிக்கு அப்பால் மலை ஏரி ஒன்றில் மீன்பிடிக்க அனுமதி கிடைத்துவிட்டது, லீவும் போட்டாயிற்று என்றார். "உன் பொண்ணு வர்றா. நீ வேணும்னா தொணைக்கி வா."

மலைக்குளிர், வளைந்து வளைந்து போகும் பாதை, வாந்தி, அங்கே டாக்டர் இருப்பாரா? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் போய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள்.

ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, மருந்துகள் எல்லாம் பையில் அடைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாங்கள் ஏரியில் நிற்கப் போகிற அந்த நாள் கிருத்திகை. திருத்தணிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அன்று எங்கள் வீட்டில் முட்டை கூட உடையாது. நான் மாலை வரை சாப்பிடமாட்டேன். அக்காவும் அப்படித்தான். மலை தெரிகிற ஊரில் இருந்துகொண்டு, கிருத்திகை பார்க்காமல் லீவு போட்டிருக்கிறார். சொன்னால் பயணம் நின்றுவிடும். அனுமதிச் சீட்டு வீண். சொல்லாவிட்டால் பாவம் யாருக்கு, எனக்கா அவருக்கா? பிடிப்பதுதானே, தின்பது இல்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன். கோயம்புத்தூர் வரை ரயிலில் சொல்லலாமா என்று யோசித்தேன். மலையேறும் வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் யோசித்தேன். மகள் வாந்தி எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

ஏரி காலண்டரில் இருந்ததைப் போலவே இருந்தது. சுற்றிலும் புல் மலைகள், அவற்றின் மடிப்புகளில் கறுத்த சோலைகள், தண்ணீர் மேல் பனிப்புகை. வாசலில் இருந்த காவலர் சீட்டைப் பார்த்துவிட்டு, மஞ்சள் குழாயையும் பார்த்து, "சாமி காரியமுங்களா?" என்று கேட்டார். இங்கேயுமா என்று அக்கா சிரித்தார்.

இங்கே தக்கையும் இல்லை, மண்புழுவும் இல்லை. நுனியில் மினுக்கும் சின்னத் தகடு ஒன்றைக் கட்டி, தூர வீசி, சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும். அக்கா வீசினார், இழுத்தார், வீசினார், இழுத்தார். நானும் பேசவில்லை, பட்டினியில் பேச்சு வரவில்லை. மகள் குல்லாவுக்குள் இருந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறி, இறங்கத் தொடங்கியது. ஒன்றும் இல்லை. பரவாயில்லை, முருகனே தடுத்துவிட்டார், நான் சொல்ல வேண்டியதும் இல்லை என்று எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது.

அப்போது கழி வளைந்தது.

"ரா... ரா... ரா பங்காரு!" அக்கா முணுமுணுக்கவில்லை, கத்தினார். ரீல் கிர்ரென்று ஓடியது. மீன் தண்ணீருக்கு மேலே ஒரு முறை துள்ளியது, வெள்ளித் தட்டு எறிந்ததுபோல. அக்கா சுடிதாரோடு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கினார். எனக்குப் பின்னாலிருந்து மகள் என் புடவையை இறுக்கிப் பிடித்தாள். இழுத்து, விட்டு, இழுத்து, கடைசியில் அது கரையோரத் தண்ணீரில் வந்து புரண்டது. பக்கவாட்டில் ரோஜாநிறப் பட்டை, முதுகெங்கும் கரும்புள்ளி. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், அதற்கும் மேலே கொஞ்சம் இருக்கும். அக்கா தண்ணீரிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா... இன்னிக்கு கிருத்திகை."

அவர் தலையைத் தூக்காமலே, "தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"லீவு சேங்ஷன் ஆனப்பறம்தான் பாத்தேன். நீ சொல்லுவ, நிறுத்திடலாம்னு நெனச்சேன். நீ சொல்லவே இல்ல. சரி, விரதம் இருக்கிறவளே கம்முனு கீறா, முருகனே பர்மிஷன் குட்த்துட்டாருன்னு கெளம்பிட்டேன்."

இருவரும் இத்தனை தூரம் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறோம். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அக்கா மகளைக் கூப்பிட்டு மீனைத் தொட வைத்தார். அவள் ஒற்றை விரலால் அந்த ரோஜாப் பட்டையை முழுவதும் தடவினாள். பிறகு அக்கா முள்ளைக் கழற்றி, மீனை இரு கைகளாலும் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தார். செவுள்கள் ஒழுங்காக அசையத் தொடங்கும் வரை பிடித்திருந்தார். கை விரிந்தது. மீன் போய்விட்டது. ஃபோட்டோ எடுக்கவில்லையே என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

வாசலில் காவலர் கேட்டார், "என்னங்க, கெடச்சுதுங்களா?"

அக்காவின் விரல்கள் பழக்கப்படி மேலே வந்தன. ஒரு கண் சுருங்கியது. "ஒண்ணு கெடச்சுதுங்க. இத்தினியூண்டு. உட்டுட்டேன்."

"காது," என்றது ஒரு குரல் என் இடுப்பிலிருந்து.

ஐயோ, குளிர் காதுக்குள் போய்விட்டது என்று நான் பாய்ந்து குல்லாவை இரு பக்கமும் இழுத்து மூடினேன். காதுவலி வந்தால் இங்கே யாரிடம் காட்டுவது, சொட்டு மருந்து பையில் எங்கே வைத்தேன் என்று மனம் ஓடியது. அவள் குல்லாவைப் பிடுங்கி எறிந்தாள்.

"காது! பெத்த சேப்ப!"

இரண்டு கைகளையும் எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்திருந்தாள். அப்படியில்லை. பெரிய மீன்.

அப்போதுதான் என் மகள் பேசிவிட்டாள் என்பதே எனக்கு விளங்கியது. உடனே, தப்பான மொழியில் பேசிவிட்டாளே, இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்றும் ஒரு கவலை வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"பாப்பா என்னங்க சொல்றாங்க?" என்றார் காவலர்.

மகள் கையை மடக்காமல் அக்காவையே முறைத்துக்கொண்டிருந்தாள். அக்கா விரல்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெல்ல அந்த இரண்டு விரல்களும் பிரிந்தன. பிறகு கைகள் பிரிந்தன. விரிந்துகொண்டே போய், சரியான இடத்தில் நின்றன. ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பொய் சொல்லிட்டேங்க," என்றார் காவலரிடம். "இம்மாம் பெருசு."

சிக்னல் கிடைத்த முதல் டீக்கடையில் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். மாமியார் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நெஜமாவா? எந்த பாஷைல?"

"தெலுங்குலதான் அத்தே."

இத்தனை மாதம் வாய்க்குள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. பங்காருவும் தல்லியும் எனக்குப் புரியாத ஆயிரம் கொஞ்சல்களும். நான் ஃபோனை மகளின் காதில் வைத்துவிட்டு, அக்கா வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். விரதத்தில் டீ குடிக்கலாமா என்று பாதி குடித்த பிறகுதான் நினைவு வந்தது.

பள்ளியில் பெயர் கேட்டபோது மகள் சொன்னாள், தமிழில். அடுத்த வருடம் அவள் அதிகம் பேசுகிறாள் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அது இத்தினியூண்டு விஷயம் மேடம் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அந்த வருடம்தான் அக்கா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கணவர் இருக்கும் குண்டக்கல்லுக்குக் கிளம்பினார். சாமான் லாரியில் போய்விட்டது. மஞ்சள் குழாயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, திருத்தணி ஸ்டேஷனில் எங்களோடு நின்றார். தண்ணீர் பாட்டில் எடுத்தீர்களா, மாத்திரை எடுத்தீர்களா, அங்கே போய் உடனே ஃபோன் பண்ணுவீர்களா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்க நினைத்ததைக் கடைசியில்தான் கேட்டேன்.

"எங்கள விட்டுட்டு போறது கஷ்டமா இல்லியாக்கா?"

விரல்கள் மேலே வந்தன. "இத்தினியூண்டு."

"காது," என்றாள் மகள்.

இந்த முறை நான் அவள் காதைத் தொடவில்லை. அக்கா குழாயைத் தூணில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தார். அன்று ஏரி வாசலில் விரித்ததைவிட அதிகமாக. மகள் ஓடிப்போய் அந்த அளவுக்குள் நின்றுகொண்டாள். ரயில் வந்துவிட்டது, ஏறுங்கள் ஏறுங்கள் என்று நான்தான் பதறிக்கொண்டிருந்தேன்.